வெறுங்கைக்குக் கிடைத்த முதல் உரிமை

தோற்றவனுக்கே முதல் தேர்வு என்றொரு விதி உண்டு. அமெரிக்காவின் தொழில்முறை விளையாட்டுகள் பலவும் அந்த விதியின் மேல்தான் நிற்கின்றன. பருவ முடிவில் பட்டியலின் அடியில் கிடக்கும் அணி, அடுத்து வரும் இளம் ஆட்டக்காரர்களில் தனக்கு வேண்டியவரை மற்ற எல்லோருக்கும் முன்பாக எடுத்துக்கொள்ளலாம். இந்த ஏற்பாட்டுக்கு டிராஃப்ட் என்று பெயர். நலிந்த அணி அந்த முதல் உரிமையை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பது பார்வைக்கு மேலாளர்கள் போட வேண்டிய கணக்காகத் தெரியும். எனக்கு அது சமயக் கேள்வியாகவே படுகிறது. நம்முடைய தகுதியால் கிடைக்காமல், நம்மிடம் ஒன்றும் இல்லை என்பதாலேயே ஒன்று கிடைத்தால், அதை யார் மேல், எந்த அளவுகோலோடு நாம் செலவிடலாம்? இதை ஸ்ரீபெரும்புதூரை மனத்தில் வைத்துக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 1017-இல் ராமானுஜர் பிறந்த ஊர் அது. அவர் வழியில் வந்தவர்கள் அருளுக்கும் தகுதிக்கும் என்ன உறவு என்று பல தலைமுறைகள் வாதிட்டார்கள். இன்று அந்த ஊரில் தொடங்கி ஒரகடம் வரை நீளும் தொழிற்சாலை வரிசையில் ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். பலர் ஓரிரு ஆண்டில் விடப்படுகிறார்கள்.

ஐரோப்பியக் கால்பந்தில் இந்த விதி கிடையாது. இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் கடைசி மூன்று இடங்களில் முடிக்கும் அணிகள் கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்படும். வருமானம் சரியும், நல்ல ஆட்டக்காரர்கள் கைமாறிப் போவார்கள். செய்த வினைக்கேற்ற பலன் என்ற கர்ம நியாயம் அது. டிராஃப்ட் இதற்கு நேர் எதிரான நியாயத்தில் ஓடுகிறது. இங்கே தோல்விதான் உரிமைக்கான ஆதாரம். சரணாகதி செய்பவனுக்கு என்ன தகுதி வேண்டும் என்று வைணவப் பெரியவர்களைக் கேட்டால் ஆகிஞ்சன்யம் என்பார்கள். கர்மம், ஞானம், பக்தி என்று கையில் காட்ட எதுவும் இல்லாத நிலை அது. வேறு புகலிடம் இல்லாமையையும் அதோடு சேர்த்துச் சொல்வார்கள். இல்லாமையே தகுதியாக எண்ணப்படும் இடங்கள் உலகில் மிகக் குறைவு. வங்கியில் அப்படி இல்லை, வேலை நேர்காணலில் இல்லை, கல்லூரிச் சேர்க்கையிலும் பெரும்பாலும் இல்லை. வணிகமாகவே நடத்தப்படும் ஒரு விளையாட்டு இந்த நியாயத்தைத் தன் அடித்தளத்தில் வைத்திருப்பது சிந்திக்க வேண்டிய விஷயம்.

அருளின் மேல் ஒரு விதி எழுந்தால் அதை ஏய்க்கும் வழியும் கூடவே எழும். வேண்டுமென்றே தோற்று முதல் தேர்வைப் பெறுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு அமெரிக்கக் கூடைப்பந்தில் 1980-களில் பலமாகக் கிளம்பியது. அதற்கு விடையாக என்.பி.ஏ. 1985-இல் குலுக்கல் முறையைக் கொண்டுவந்தது. 2019-இல் கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் தேர்வு கிடைக்கும் வாய்ப்பு தலைக்கு 14 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. இல்லாமையை நடிப்பவனுக்கு அருள் உண்டா என்ற இந்தச் சிக்கல் தமிழ்நாட்டுக்குப் பழையது. அருளுக்கு நம் பக்கத்தில் எந்தக் காரணமும் தேவையில்லை, இறைவன் அடியவனின் குற்றத்தையும் விரும்பி ஏற்கிறான் என்பது ராமானுஜர் வழியில் வந்த பிள்ளை லோகாசாரியரின் நிலை. காரணமே வேண்டாம் என்றால் எல்லோருக்கும் ஏன் ஒரே நேரத்தில் வீடுபேறு கிடைப்பதில்லை, சிறிய முகாந்திரமாவது வேண்டும் என்பது அதே வழியில் வந்த வேதாந்த தேசிகரின் நிலை. பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வதை முதல் நிலைக்கும், தாயின் வயிற்றைக் குரங்குக்குட்டி இறுகப் பற்றிக்கொள்வதை இரண்டாவதற்கும் உவமையாகச் சொல்வார்கள். எந்தக் கட்சியும் அடியவன் தன் குற்றத்தை முதலீடாக வைக்கலாம் என்று சொன்னதில்லை. தோல்வியைத் திட்டமிடும் அணி தன் வெறுங்கையையே சொத்தாக்கிக்கொள்கிறது. அப்போது அது வெறுங்கையாக இருப்பதில்லை.

டிராஃப்டைத் தொடங்கியவரின் கதை இந்த வாதத்துக்கு நேரடியாக உதவுகிறது. பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் என்ற அணியை நடத்திவந்த பெர்ட் பெல், பணக்கார அணிகளோடு போட்டியிட்டு நல்ல ஆட்டக்காரர்களைப் பிடிக்க முடியாத நிலையில் இந்த யோசனையை முன்வைத்தார். முதல் டிராஃப்ட் 1936 பிப்ரவரி 8 அன்று ஃபிலடெல்ஃபியாவில் நடந்தது. முந்தைய பருவத்தில் இரண்டே ஆட்டங்களில் வென்றிருந்த ஈகிள்ஸுக்கு முதல் தேர்வு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கரை எடுத்தார்கள். அந்த நாளில் கல்லூரி ஆட்டத்தின் மிகப் பெரிய பெயர் அவருடையது. ஈகிள்ஸ் அவர் மீதான உரிமையைச் சிகாகோ பேர்ஸ் அணிக்குக் கைமாற்றியது. அவர் கேட்ட தொகையை அவர்களும் தரவில்லை. பெர்வாங்கர் தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடாமல் ரப்பர் நுரை விற்கப் போனார். பிறகு சொந்தமாகத் தொழில் தொடங்கி, கார் கதவுகளுக்கும் டிக்கிகளுக்கும் வேண்டிய ரப்பர், பிளாஸ்டிக் பட்டைகளைத் தயாரித்தார். கார் கதவின் ஓரத்தில் ஓடும் ‘பீடிங்’ என்று இன்று மெக்கானிக் கடைகளில் சொல்கிறோமே, அந்த வகைச் சாமான். மீட்பரைப் பிடித்துவிட்டோம் என்று நம்பிய ஈகிள்ஸ் அந்த 1936 பருவத்தில் ஆடிய 12 ஆட்டங்களில் ஒன்றில்தான் வென்றது.

உரிமை கிடைத்த நாளிலேயே ஈகிள்ஸ் செய்த பிழையைத்தான் நலிந்த அணிகள் இன்றும் திரும்பத் திரும்பச் செய்கின்றன. தங்களுக்கு இலவசமாகக் கிடைத்ததை அவை கடனாக மாற்றி ஓர் இளைஞனின் தலையில் ஏற்றுகின்றன. அணி தோற்ற ஆண்டுகள், ரசிகர்களின் கோபம், உரிமையாளரின் நஷ்டம் எல்லாவற்றையும் இருபத்தொரு வயதுப் பையன் அடைக்க வேண்டும். அணி தன் குறையால் பெற்றது. பையனோ தன் நிறைவால் திருப்பித் தர வேண்டும். இந்த ஏற்றத்தாழ்வு எனக்கு அறமாகவும் தெரியவில்லை, புத்திசாலித்தனமாகவும் தெரியவில்லை. அருளாகப் பெற்றதை அருளின் முறையிலேயே செலவிட வேண்டும் என்பது என் வாதம். நடைமுறையில் இதற்குப் பொருள்: முதல் தேர்வை மீட்பரைத் தேடும் வாய்ப்பாகக் கொள்ளாமல், வளர்க்கும் கடமையாகக் கொள்வது. யாரை எடுப்பது என்ற கேள்விக்கு முன்பு, எடுத்தவனை யார் கையில் ஒப்படைக்கப் போகிறோம் என்ற கேள்விக்கு விடை வேண்டும். அந்த விடை இல்லாத அணி, தன் முதல் தேர்வைப் பல பின்வரிசைத் தேர்வுகளாக மாற்றிக்கொள்வதே நேர்மை.

ஸ்ரீபெரும்புதூர் இளைஞர் ஒருவரை ஒரு மூத்தவர் தேர்ந்தெடுத்த கதை இதற்குச் சான்று. குருபரம்பரை வரலாறு சொல்வது இது. வைணவத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்த ஆளவந்தார் திருவரங்கத்திலிருந்து காஞ்சிக்கு வந்தபோது, யாதவப் பிரகாசரின் மாணவர் கூட்டத்தில் ராமானுஜரைக் கண்டார். தனக்குப் பின் இந்த நெறியை ஏந்த வல்லவர் இவரே என்று முடிவு செய்தார். ஆனால் அருகே அழைத்துப் பேசவில்லை. வேறொரு ஆசிரியரிடம் பயிலும் மாணவரைக் கலைக்காமல், காஞ்சிப் பெருமாளான பேரருளாளனிடம் வேண்டிக்கொண்டு திரும்பிவிட்டார். பின்னர் ராமானுஜர் யாதவப் பிரகாசரை விட்டு விலகிய செய்தி எட்டியதும் பெரிய நம்பியை அனுப்பி அழைத்துவரச் சொன்னார். ராமானுஜர் திருவரங்கத்தை நெருங்கும்போது ஆளவந்தார் பரமபதித்துவிட்டார். தேர்ந்தெடுத்தவரும் தேர்ந்தெடுக்கப்பட்டவரும் ஒரு நாளும் உரையாடவில்லை. தேர்வு மட்டுமே எல்லாவற்றையும் செய்துவிடும் என்றால் கதை அங்கேயே முறிந்திருக்க வேண்டும்.

முறியாததற்குக் காரணம் ஆளவந்தார் விட்டுச்சென்ற ஐந்து ஆசிரியர்கள். பெரிய நம்பி மதுராந்தகத்தில் ராமானுஜருக்குப் பஞ்ச சம்ஸ்காரம் என்ற வைணவ தீட்சையைச் செய்துவைத்தார். திருக்கோட்டியூர் நம்பி மந்திரங்களின் உட்பொருளைத் தந்தார்; அதற்கு முன் பதினெட்டு முறை அலைய விட்டார். திருமாலையாண்டான் திருவாய்மொழிக்குப் பொருள் சொன்னார். பெரிய திருமலை நம்பி திருமலை அடிவாரத்தில் ராமாயணம் கற்பித்தார். எஞ்சியதைத் திருவரங்கப் பெருமாள் அரையர் கொடுத்தார். இவர்களுக்கெல்லாம் முன்பே, பூவிருந்தவல்லியில் பிறந்து காஞ்சியில் தொண்டு செய்த திருக்கச்சி நம்பி அவரைத் தாங்கினார். இவர்களிடையே எல்லாம் சுமுகமாகப் போனது என்று மரபு சொல்லவில்லை. திருமாலையாண்டான் சொன்ன பொருளுக்கு மாறாக ராமானுஜர் வேறு பொருள் சொல்லத் தொடங்கியதும் ஆண்டான் பாடத்தை நிறுத்திவிட்டார். திருக்கோட்டியூர் நம்பி வந்து, அந்த மாணவர் சொல்லும் பொருள் ஆளவந்தாரே சொன்னதுதான் என்று எடுத்துக்காட்டிப் பாடத்தைத் தொடரச் செய்தார். எனக்கு இந்தக் கதையில் மிக முக்கியமான இடம் இதுதான். தேர்ந்தெடுக்கப்பட்ட இளைஞன் தன் ஆசிரியரைவிட வேறு விதமாக யோசிக்கும் நாள் வந்தே தீரும். அன்று அவனைத் தள்ளிவிடாமல் காக்க இன்னொரு மூத்தவர் அருகில் இருக்க வேண்டும். ஒரே பயிற்சியாளரை நம்பி ஒரே நட்சத்திரத்தை எடுக்கும் அணியில் அந்த இரண்டாவது மூத்தவர் இருப்பதில்லை.

இது பக்தர்கள் சொல்லும் கதை, இதை வைத்து விளையாட்டைத் தீர்மானிக்க முடியுமா என்று கேட்கலாம். எண்களும் இதே திசையில்தான் கைகாட்டுகின்றன. கேட் மாசி, ரிச்சர்ட் தேலர் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்கக் கால்பந்து டிராஃப்டைப் பல ஆண்டுத் தரவுகளோடு ஆராய்ந்தார்கள். தேலர் 2017-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். ஒரே இடத்தில் ஆடும் இருவரில் முதலில் எடுக்கப்பட்டவர், அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறந்தவராக விளங்கும் வாய்ப்பு 52 விழுக்காடு என்று கண்டார்கள். நாணயத்தைச் சுண்டிவிட்டால் 50. அணிகள் முதல் தேர்வுக்காகக் கொட்டிக்கொடுக்கும் விலைக்கும், அந்தத் தேர்வால் கிடைக்கும் பயனுக்கும் பொருத்தமே இல்லை. செலவுக்கு மிஞ்சிய ஆதாயம் இரண்டாம் சுற்றின் தொடக்கத்தில்தான் உச்சத்தில் இருந்தது. அதிகம் தோற்ற அணிக்குப் பரிசாகத் தரப்படும் உரிமை, அந்த அணியின் அதீத நம்பிக்கையாலேயே அதற்குச் சாபமாகிறது என்று முடித்தார்கள். 2011-இல் புதுமுகங்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு வந்தபின் முதல் தேர்வின் செலவு குறைந்துவிட்டது, ஆகவே இந்த முடிவின் ஒரு பாதி இன்று பொருந்தாது என்று யாராவது மறுத்தால் அதை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் 52 என்ற எண்ணைச் சம்பள விதி தொடவில்லை. மனிதர்களை வரிசைப்படுத்தும் நம் திறன், நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு என்பதுதான் அந்த எண் சொல்வது.

இந்தக் குறைபாட்டை உணர்ந்தவர்கள் நம் பக்கத்திலேயே இருந்தார்கள். ஸ்ரீபெரும்புதூர் இருக்கும் அதே காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. அவை சொல்வதன்படி, ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுக்க முதலில் தகுதியால் வடிகட்டி, பிறகு பெயர்களைக் குடத்தில் இட்டு ஒரு சிறுவனைக் கொண்டு எடுத்தார்கள். வயது 35-க்கு மேல் 70-க்குள், வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேத அறிவு என்று அந்த வடிகட்டல் பெரும்பாலான மக்களை வெளியே நிறுத்தியது. அதை மறைத்து அந்த முறையைப் புகழ்வது தவறு. ஆனாலும் குறைந்தபட்சத் தகுதிக்கு மேல் இவனா அவனா என்று துல்லியமாக எடைபோடும் பாவனையை அவர்கள் கைவிட்டிருந்தார்கள்.

நலிந்த அணி ஒரே நட்சத்திரத்தைத் துரத்தாமல் எழுந்ததற்கு இந்தியக் கால்பந்தில் நமக்கு மிக அருகிலிருக்கும் உதாரணம் சென்னையின் எஃப்.சி. 2015-இல் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற அணி, 2016-இல் எட்டு அணிகளில் ஏழாவதாகச் சரிந்தது. ராமானுஜரின் ஆயிரமாவது ஆண்டு கொண்டாடப்பட்ட 2017-இல், ஜூலை 23 அன்று மும்பையில் உள்நாட்டு ஆட்டக்காரர்களுக்கான டிராஃப்ட் நடந்தது. தலைக்கு 1 கோடியே 10 லட்சம் என்று உச்ச விலை குறிக்கப்பட்டிருந்த இருவரில் அனஸ் எடத்தொடிகாவை ஜாம்ஷெட்பூரும் யூஜின்சன் லிங்டோவைக் கொல்கத்தாவின் ஏ.டி.கே.வும் எடுத்தன. சென்னையின் அணி ஜெஜேவையும் கரண்ஜித்தையும் கூடவே அனிருத் தாபா, ஜெரி லால்ரின்சுவாலா போன்ற இளைஞர்களையும் முன்பே தக்கவைத்திருந்தது. டிராஃப்டில் அது எடுத்தவர்களில் ஒருவர் வியாசர்பாடியில் பந்தாடி வளர்ந்த தனபால் கணேஷ். அந்தப் பருவம் முடிந்தபோது பத்து அணிகளில் ஜாம்ஷெட்பூர் ஐந்தாவது, ஏ.டி.கே. ஒன்பதாவது. ஜான் கிரிகோரி பயிற்சியளித்த சென்னையின் அணி 2018 மார்ச் 13 அன்று அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில் கோவாவை 3-0 என வென்றது. ஜெஜே இரண்டு கோல், கணேஷ் ஒரு கோல். நான்கு நாள் கழித்து பெங்களூரு கண்டீரவா அரங்கில் பெங்களூரு அணியை 3-2 என வென்று கோப்பையைத் தூக்கியது.

இதை வைத்து அதிகம் சொல்லிவிடக் கூடாது என்பதும் எனக்குத் தெரிகிறது. இறுதி ஆட்டத்தின் மூன்று கோல்களையும் அடித்த மைல்சன் ஆல்வெஸ், ரஃபேல் அகஸ்டோ இருவரும் பிரேசில்காரர்கள். டிராஃப்டுக்கு வெளியே வந்தவர்கள். அடுத்த 2018-19 பருவத்தில் கணேஷைக் காயம் வெளியே உட்காரவைத்தது, அணியும் 18 ஆட்டங்களில் 9 புள்ளிகளோடு பட்டியலின் கடைசிக்குப் போனது. ஆகவே நல்ல தேர்வு நிரந்தர வெற்றியைத் தரும் என்று நான் வாதிடவில்லை. ஒரே ஆளின் மேல் எல்லாவற்றையும் ஏற்றாத அணிக்கு வாய்ப்பு கூடுதல் என்பதே என் கருத்து. கபடியில் தமிழ் தலைவாஸின் கதை இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. அங்கே நடப்பது ஏலம்தான் என்றாலும் நலிந்த அணியின் மனநிலை ஒன்றே. 2019-இல் அஜய் தாக்கூர், ராகுல் சவுத்ரி, மஞ்சீத் சில்லர் என்று கபடி ரசிகர்கள் எல்லோருக்கும் தெரிந்த மூன்று பெயர்களோடு இறங்கிப் பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவதாக முடிந்தது. 2022-இல் பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு வாங்கியது; அதுவரை யாருக்கும் கொடுக்கப்படாத தொகை. முதல் ஆட்டத்திலேயே அவர் காயமடைந்து பருவம் முழுவதும் ஆடவில்லை. அந்த ஆண்டுதான், பருவத்தின் நடுவே வந்த பயிற்சியாளர் அஷன் குமாரின் கீழ், முதல் பருவம் ஆடிய நரேந்தரும் அவரையொத்த இளைஞர்களும் தலைவாஸை முதன்முறையாக அரையிறுதிக்குக் கொண்டுபோனார்கள். மீட்பர் வெளியே உட்கார்ந்திருந்தபோது, வளர்க்கப்பட வேண்டியவர்களுக்கு இடம் கிடைத்தது.

மேதைகளை நான் மறுக்கிறேனா என்று கேட்பார்கள். சில ஆட்டக்காரர்கள் ஓர் அணியின் தலையெழுத்தை மாற்றியிருக்கிறார்கள், உண்மைதான். களத்தில் ஐவரே நிற்கும் கூடைப்பந்தில் இது அடிக்கடி நடக்கும். பதினொருவர் ஆடும் ஆட்டங்களில் அரிது. அமெரிக்கக் கால்பந்தில் இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது டல்லஸ் கவ்பாய்ஸ். 1988-இல் 16 ஆட்டங்களில் மூன்றில்தான் வென்றிருந்த அணி, 1989-இல் முதல் தேர்வாக டிராய் எய்க்மேனை எடுத்தது. பின்னாளில் அவர் பெரும்புகழ் பெற்றார். ஆனால் அந்த முதல் ஆண்டில் அவர் தொடங்கிய 11 ஆட்டங்களிலும் டல்லஸ் தோற்றது. அணி மொத்தமே ஓர் ஆட்டத்தில்தான் வென்றது. திருப்பம் வந்தது அந்த அக்டோபரில். அணியின் ஒரே நட்சத்திரமான ஹெர்ஷல் வாக்கரை மின்னசோட்டாவுக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாகப் பல வருங்காலத் தேர்வுகளைப் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் பெற்றார். அவற்றை மேலும் பிரித்தும் மாற்றியும் எம்மிட் ஸ்மித் உள்ளிட்ட ஓர் இளைஞர் படையைத் திரட்டினார். 1993, 1994, 1996 ஜனவரிகளில் டல்லஸ் மூன்று முறை சூப்பர் பவுல் வென்றது. எய்க்மேன் மேதை என்பதை அந்த முதல் ஆண்டில் யாரும் கண்டிருக்க முடியாது. சுற்றி ஆட்கள் வந்த பிறகே அவருடைய திறமை கண்ணுக்குத் தெரிந்தது. திறமை ஒருவனுக்குள் முழுமையாக முன்பே இருக்கிறது, அதைக் கண்டுபிடிப்பதே தேர்வாளனின் வேலை என்ற நம்பிக்கையை இது அசைக்கிறது.

இன்னொரு மறுப்பு உரிமையாளரின் பக்கத்திலிருந்து வரும். வளர்க்க நேரம் வேண்டும், நேரம் இல்லாததால்தானே நலிந்திருக்கிறோம், பயிற்சியாளருக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் கெடு கிடையாது என்பார்கள். கெடுவைக் குறித்தவரே கெடுவைக் காரணம் காட்டுவது வாதமாகாது. இதைவிட ஆழமான மறுப்பு ஆட்டக்காரனின் பக்கத்திலிருந்து வருகிறது. அதற்கு முழு விடை என்னிடம் இல்லை. நலிந்த அணிக்கு அருளாகக் கிடைக்கும் முதல் தேர்வு, உண்மையில் இளைஞனின் சுதந்திரத்திலிருந்து எடுத்துக் கொடுக்கப்படுவது. எங்கே ஆடுவது என்று முடிவு செய்யும் உரிமையை அவன் இழக்கிறான். 1978-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, 1968-இல் இருந்த வடிவில் அமெரிக்கக் கால்பந்து டிராஃப்ட் போட்டிச் சட்டத்துக்கு விரோதமானது என்றே தீர்ப்பளித்தது. பின்னர் தொழிற்சங்க ஒப்பந்தங்களின் பாதுகாப்பில்தான் அந்த முறை பிழைத்திருக்கிறது. வைணவர்களின் இறைவன் கொடுக்கும்போது இன்னொருவனிடமிருந்து பிடுங்கிக் கொடுப்பதில்லை. மனிதர்கள் நடத்தும் அருள் எப்போதும் யாரோ ஒருவரின் செலவில்தான் நடக்கிறது. அதனால்தான் கடன் சுமத்தப்பட வேண்டியவர் ஆட்டக்காரர் இல்லை, அணி என்று சொல்கிறேன். அவருடைய விருப்பத்தை எடுத்துக்கொண்ட அணி, அதற்கு ஈடாக அவருக்குக் கற்றுத்தர வேண்டும், காயப்பட்டால் தாங்க வேண்டும், தனக்கு வேண்டாமென்று முடிவானால் காலம் தாழ்த்தாமல் விடுவிக்க வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் தேர்வு இதற்குத் தலைகீழாக நடக்கிறது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியதற்குப் பின், ஒரகடத்தில் ரெனோ நிசான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ் என்று பெருநிறுவனங்கள் வரிசையாக வந்தன. பாலிடெக்னிக்குகளிலும் ஐ.டி.ஐ.க்களிலும் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு முதல் நாள் வருவது பெரிய கம்பெனி. அவர்கள் எடுத்தது போக மிச்சமிருப்பவர்களுக்காக வருபவை அவர்களுக்கு உதிரிபாகம் செய்துதரும் வெண்டர் கம்பெனிகள். வலியவனுக்கே முதல் தேர்வு. மெலியவனைத் தூக்கிவிடும் விதி எதுவும் இங்கே இல்லை. அதனாலேயே, மதிப்பெண் பட்டியலில் பின்னால் நிற்பவர்கள்தான் சிறு கம்பெனிக்குக் கிடைப்பார்கள், அவர்களை வைத்துத் தரம் காட்ட முடியாது என்ற புலம்பல் இருக்கிறது. 52 விழுக்காட்டுக் கணக்கை இங்கே கொண்டுவந்தால் அந்தப் புலம்பலின் பாதி கரைந்துவிடும். அங்கே முதலாவதாக எடுக்கப்பட்டவருக்கும் அடுத்தவருக்கும் இருந்த வேறுபாடு, இங்கே மதிப்பெண் வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் இருவருக்கிடையே பெரிதாகிவிடக் காரணமில்லை. மெஷினில் நின்ற முதல் ஆறு மாதத்தில் அருகில் யார் நின்று சொல்லிக்கொடுத்தார் என்பதே பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். நல்ல செட்டர் ஒருவரையும், பையன் தவறு செய்தால் சூப்பர்வைசரிடம் அவனுக்காகப் பேசும் இன்னொரு மூத்தவரையும் வைத்திருக்கும் சிறு கம்பெனி, பெரிய கம்பெனி விட்டுவிட்டுப் போனவர்களிலிருந்தே நல்ல தொழிலாளர்களை உருவாக்க முடியும்.

தேர்ந்தெடுத்தவர் பட்டிருக்கும் கடன் இங்கே இன்னும் கூர்மையாக நிற்கிறது, ஏனென்றால் இங்கே எடுக்கப்படுபவரிடம் டிராஃப்ட் ஆட்டக்காரருக்கு இருக்கும் புகழும் இல்லை, முகவரும் இல்லை. 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ், 2019-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, 30 பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் இரண்டரை முதல் பதினைந்து விழுக்காடு வரை அப்ரண்டிஸ்களை எடுக்க வேண்டும். பயிற்சி முடிந்தபின் அவர்களுக்கு வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அப்ரண்டிஸ், டிரெய்னி, காண்ட்ராக்ட் என்று பெயர் மாறிக்கொண்டே போய், பர்மனென்ட் ஆகாமலே சில ஆண்டுகளைக் கழித்துவிட்டு ஊர் திரும்பும் இளைஞர்கள் இந்த வட்டாரத்துக்குப் புதியவர்கள் அல்ல. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி 2014 நவம்பரில் மூடப்பட்ட நோக்கியா ஆலையில் வேலைக்கு வந்த பெண்களில் எத்தனையோ பேர் பள்ளிப்படிப்பு முடித்த கையோடு அங்கே சேர்ந்தவர்கள். எட்டு ஆண்டுகள் கழித்து அவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. நிறுவனம் எல்லோரையும் வைத்துக்கொள்ள முடியாது, சந்தை நிலையில்லாதது என்ற மறுப்பு நியாயமானதே. எல்லோரையும் வைத்துக்கொள் என்று அருளின் நியாயம் கேட்கவில்லை. சேர்க்கும் நாளிலேயே இத்தனை பேரில் எத்தனை பேருக்கு நிரந்தர இடம் இருக்கிறது என்று எழுத்தில் சொல்லவும், விடப்படுபவர் அடுத்த கேட்டில் போய் நிற்கும்போது காட்டுவதற்கு, எந்த மெஷினில் என்ன வேலை கற்றார் என்று சூப்பர்வைசர் கையெழுத்திட்ட விவரமான சான்று ஒன்றைத் தரவும் அது கேட்கிறது. இந்த இரண்டையும் செய்ய எந்த நிறுவனமும் சந்தை சரியாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.